ஸ்க்ரும் எந்த ஊர்ச் சொல்?

நவம்பர் 9

தினமும் நடப்பதை எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். எந்தச் சொல் என் மனைவிக்கு வந்தது, எது வரவில்லை என்று. ருமேனிய மொழியில் எழுதினால் ஸ்மராண்டா எடுத்துப் படித்துவிடுவாள். அச்சில் இருந்தால் தமிழையும் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். என் கையெழுத்தை மட்டும் அவளால் படிக்க முடியாது. தமிழாசிரியரான என் அப்பாவாலேயே முடிந்ததில்லை. அதற்காக மன்னார்குடியில் வாங்கிய அடியெல்லாம் இப்போதுதான் உபயோகத்துக்கு வருகிறது.

ஸ்கேன் படத்தைக் காட்டி, மூளையின் இடப்பக்கம் ஒரு கட்டி என்றார்கள். கட்டி சின்னதுதான். இடம்தான் சரியில்லை. மனிதருக்குச் சொற்கள் இருக்கும் இடமாம் அது. கத்தி வைக்க முடியாது என்றார் மருத்துவர். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

இவள் பேருந்தில் வரும்போது, "பார்த்தியா வழுதி, அகராதிக்காரிக்குன்னு தேடி வந்திருக்கு," என்று சிரித்தாள். இந்த நாட்டில் எல்லோருக்கும் நான் இலியே. இளவழுதி என்ற பெயரைப் பாதியாவது சொல்கிறவள் இவள் ஒருத்திதான்.

நவம்பர் 14

காலையில் கணப்படுப்பில் இருந்து சாம்பல் வாரினேன். வாளியோடு வெளியே போய் வாசலில் இருந்து கேட் வரைக்கும் பாதையில் தூவினேன். நேற்றுப் பெய்த மழை உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. சாம்பல் போட்டால் கால் வழுக்காது. "உங்க ஊர்ல சாம்பலை நெத்தியில பூசிக்கிறீங்க, நாங்க மிதிச்சுக்கிட்டுப் போறோம்," என்பாள். இந்த மலையடி கிராமத்தில் இது அவளுடைய அம்மா அப்பா வீடு. நான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் இருந்து ஓய்வு பெற்றதும் ப்ளோயெஷ்ட் நகரத்தை விட்டு இங்கே வந்துவிட்டோம்.

அவள் மேஜையில் உட்கார்ந்து வேலை செய்தாள். ருமேனியச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லும் பெரிய அகராதியில் 'எஸ்' எழுத்து அவள் பொறுப்பு. எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டாள். ஒரே ஒரு சொல் பாக்கி: ஸ்க்ரும். பிப்ரவரி முடிவுக்குள் அதன் பொருளும் மூலமும் எழுதிய அட்டையை அகராதிக் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

இவர்களுக்குச் சாம்பல் என்றால் செனூஷா. அது லத்தீன், தகராறே இல்லை. ஸ்க்ரும் என்பது ஒரு பொருள் முழுக்க எரிந்து கருகி மிஞ்சுவது. சிகரெட்டில் இருந்து உதிர்வது ஸ்க்ரும். தீய்ந்துபோன ரொட்டியும் ஸ்க்ரும். அது லத்தீன் இல்லை. அல்பேனியர்களிடம் ஷ்க்ரும்ப் என்று ஒரு சொல் இருக்கிறது. அவர்களிடம் இருந்து இவர்கள் வாங்கினார்களா, அல்லது ரோமானியர்கள் வருவதற்கு முன் இங்கே பேசப்பட்டு ஒரு வரிகூட எழுத்தில் மிஞ்சாமல் போன பழைய மொழியில் இருந்து இருவருக்கும் வந்ததா என்று பண்டிதர்கள் சண்டை போடுகிறார்கள். எரிந்துபோன மொழியின் சாம்பல்தான் இந்தச் சொல் என்று அவள் மாணவி லவீனியா ஒருமுறை கூட்டத்தில் பேசினாள். "கவிதையை வெளியே செருப்போட விட்டுட்டு வா," என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள் இவள்.

எனக்கு இது பரம்பரைச் சண்டை. ப்ளோயெஷ்டில் பெட்ரோலியம் படிக்க வந்த புதிதில் விடுதிச் சமையலறையில் உருளைக்கிழங்கைத் தீய்த்துவிட்டேன். பக்கத்து அடுப்பில் நின்றவள் எட்டிப் பார்த்து, "ஸ்க்ரும்!" என்றாள். வகுப்புக்கு வெளியே நான் கற்ற முதல் சொல். அது எந்த ஊர்ச் சொல் என்று கேட்டேன். யாருக்கும் தெரியாது என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். முன்னால் உள்ள ஸ்-ஐத் தட்டிவிடு, க்ரும். கரும், கருகும், கரி. தமிழ்! உலகத்து மொழி எல்லாம் தமிழில் இருந்து கிளம்பியவை என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவன் வேறு எப்படிப் பேசுவேன்? அன்றைக்குச் சிரித்தாள். கல்யாணமாகி மன்னார்குடிக்குப் போனபோது என் அம்மாவிடம் ஒரு பதிலைக் கற்றுக்கொண்டு வந்தாள். அப்புறம் நான் எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும் அதுதான். தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள். தமிழில் சொல்வாள்: "அதெல்லாம் கிடையாது."

இன்றைக்கும் சாம்பல் வாளியோடு உள்ளே வந்து, "தமிழ்தான்," என்றேன்.

"அதெல்லாம் கிடையாது," என்றாள்.

நன்றாக இருக்கிறாள்.

நவம்பர் 22

முட்டைக்கோஸ் ஊறவைத்த பீப்பாயைக் கிளறினேன். அவள் 'கரண்டி' என்பதற்கு 'அந்தக் கை' என்றாள். குளிர்.

டிசம்பர் 3

மருத்துவருக்காக எழுதுகிறேன். வராத சொற்கள்: தலையணை, வியாழக்கிழமை, கதவுப் பிடி, லவீனியா. வந்த சொற்கள்: மற்றதெல்லாம்.

தாகம் எடுத்தபோது ருமேனியச் சொல் கிடைக்காமல் தவித்துவிட்டு, "தண்ணி," என்றாள். தமிழில். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. தாய்மொழி கைவிட்ட இடத்தில் தமிழ் நிற்கிறது! உடனே தங்கை பொற்றொடிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அண்ணே," என்றாள். "அண்ணிக்கு அவ்வளவு முடியலையா?"

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. சந்தோஷப்பட்டு போன் செய்திருக்கிறேன், மடையன்.

டிசம்பர் 12

அகராதிக் குழுவில் இருக்கும் லவீனியாவுக்கு ஸ்மராண்டா ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். 'வேலை நடக்கிறது. ஸ்க்ரும் அட்டை சொன்ன தேதிக்கு வரும்.' தட்டச்சு செய்தது நான். அவள் சொல்லச் சொல்லத்தான் தட்டினேன். ஏறக்குறைய.

டிசம்பர் 20

இன்று ஊரே பன்றி வெட்டும் நாள். பக்கத்து வீட்டுப் பரஸ்கீவா முற்றத்தில் வெட்டிய பன்றியை வைக்கோல் போட்டு வாட்டினார்கள். முடி கருகும் வாடை எங்கள் சமையலறை வரை வந்தது. ஸ்மராண்டா ஜன்னலுக்கு வந்து மூக்கை உறிஞ்சினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உதடு குவிந்தது, வரவில்லை. நான் பக்கத்தில் நின்று மனசுக்குள் ஸ்க்ரும், ஸ்க்ரும் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடைசியில், "வாசனை," என்றாள்.

மத்தியானம் பரஸ்கீவா சுடச்சுட வறுவலும் பிளம் சாராயமும் கொண்டுவந்தாள். ஸ்மராண்டாவை நலம் விசாரித்துவிட்டு என்னைத் தனியே இழுத்தாள். "இலியே, பாதிரியாரை ஒருதடவை வரச் சொல்லட்டுமா?" என்றாள். எதற்கு என்று கேட்டேன். தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வறுவலில் உப்பு தூக்கல்.

ஜனவரி 8

லவீனியா சொல்லாமல் கொள்ளாமல் புக்கரெஸ்டில் இருந்து வந்துவிட்டாள். தெரிந்திருந்தால் ஸ்மராண்டாவைக் கொஞ்சம் தயார் செய்திருப்பேன். இப்போதெல்லாம் காலையில் நாங்கள் இருவரும் பயிற்சி செய்கிறோம். நான் பொருளைத் தொடுவேன், அவள் பெயர் சொல்வாள். இன்று நாற்காலியும் ரொட்டியும் வந்தன.

மாணவி பேசப் பேச ஸ்மராண்டா அழகாகத் தலையை ஆட்டினாள். சரியான இடத்தில் சிரித்தாள். லவீனியா மேஜை மேல் இருந்த வெற்று அட்டையைப் பார்த்துவிட்டு, "அல்பேனியா பக்கமா சாயறீங்களா புரொபசர், இல்ல பழைய மொழி பக்கமா?" என்று கேட்டாள். இவள், "ஆமாம்," என்றாள்.

வாசலில் கோட்டை மாட்டிக்கொண்டே லவீனியா என்னிடம் சொன்னாள்: "இலியே ஐயா, விட்டுடுங்க. மூலம் தெரியவில்லைன்னு ஒரு வரி நான் போட்டுக்கறேன். அவங்க பேர் எப்படியும் புத்தகத்துல வரும்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "முப்பது வருஷமா அந்த ஒரு சொல்லுக்காக ஆடு மேய்க்கிறவன் குடிசை எல்லாம் ஏறி இறங்கினவ. மத்த எல்லாத்தையும் முடிச்சுட்டு இதைக் கடைசிக்கு வச்சிருக்கா. அவளே எழுதுவா. நீ தேதியை மாத்தாம இரு, அது போதும்," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

லவீனியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட் பக்கம் போனாள். பாதையில் இன்று நான் சாம்பல் போடவில்லை. வழுக்கி, வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி 15

பொங்கல். இங்கே கிடைக்கும் குண்டு அரிசியையும் உடைத்த பயறையும் கணப்படுப்பின் மேல் வைத்துப் பொங்கினேன். அவளுக்குத் தலை குளிப்பாட்டி வந்து பார்ப்பதற்குள் அடி பிடித்து, வீடெல்லாம் புகை. பாத்திரத்தைக் காட்டி, "ஸ்க்ரும்!" என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

உற்சாகத்தில் பழைய கதையை எல்லாம் எடுத்துவிட்டேன். விடுதி அடுப்பு, உருளைக்கிழங்கு, ஸ்-ஐத் தட்டிவிட்டால் கரும், கருகும், கரி. அவள் கண் கொட்டாமல் கேட்டாள். பிறகு எழுந்து மேஜைக்குப் போனாள். பேனாவை எடுத்தாள். எழுதினாள்! எவ்வளவு காலம் கழித்து! நான் மூச்சு விடாமல் சமையலறையிலேயே நின்றுவிட்டேன். எட்டிப் பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

தீய்ந்த பொங்கலைச் சுரண்டித் தின்றோம். நல்ல நாள்.

ஜனவரி 16

காலையில் அட்டையைப் பார்த்தேன். அவளுடைய அதே குட்டி எழுத்து. ஒரு நடுக்கம் இல்லை. வாய்க்கு வராததெல்லாம் பழக்கத்தில் கைக்கு வந்திருந்தது. சொல், அதன் பொருள், வழங்கும் இடங்கள் எல்லாம் முறைப்படி. கடைசியில் மூலம் என்ற இடத்தில்: தமிழ். அதற்குக் கீழே கரும், கருகும், கரி என்று நான் சொன்ன வரிசையிலேயே. கையெழுத்தும் போட்டிருந்தாள்.

அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் அப்பா இருந்திருந்தால் தெருவுக்கே சர்க்கரை வழங்கியிருப்பார். ஐரோப்பாவின் அகராதியில், பெரிய அறிஞர் ஒருவர் கையெழுத்துப் போட்டு! அவளை எழுப்பி, "நிஜமாவா?" என்று கேட்டேன்.

"ஆமாம்," என்றாள்.

பொற்றொடிக்குப் போன் செய்தேன். இந்தத் தடவை அவளும் சந்தோஷப்பட்டாள். அப்பாவின் மாணவர் கலியமூர்த்தி சாரிடம் சொல்லப் போவதாகச் சொன்னாள். சொல்லட்டுமே என்றேன்.

ஜனவரி 17

சாம்பல் வாரும்போது, அன்றைக்கு லவீனியா கேட்டதற்கும் இவள் 'ஆமாம்' என்றுதான் சொன்னாள் என்பது நினைவுக்கு வந்தது. வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

"ரொட்டிங்கிற சொல் தமிழா?" என்று கேட்டேன்.

"ஆமாம்."

"ப்ளோயெஷ்ட் தமிழ்ப் பேரா?"

"ஆமாம்."

"பரஸ்கீவா வீட்டுப் பசு?"

"ஆமாம்," என்று சிரித்தாள். என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

ஜனவரி 18

எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 4

வாயில் இப்போது மூன்று நான்கு சொற்கள்தான் இருக்கின்றன. ஸ்பூனால் ஊட்டுகிறேன். இட்லி மாவு இந்தக் குளிரில் பொங்கவில்லை. கணப்படுப்புக்குப் பக்கத்தில் கம்பளி சுற்றி வைத்தும் கல்லாக இருக்கிறது.

அவள் தூங்கும்போது அவளுடைய பழைய குறிப்பு அட்டைகளைப் படிக்கிறேன். ஸ்க்ரும் பற்றி யார் யார் என்ன சொன்னார்கள் என்று தனித்தனி அட்டை. நல்ல யோசனையாக எனக்குப் படுவதற்கெல்லாம் ஓரத்தில் பென்சிலால் கேள்வி கேட்டு வைத்திருக்கிறாள். சத்தம் ஒத்துப்போவது சாட்சியா? யார் கொண்டுவந்தது? எந்த வழியாக? நடுவில் உள்ள ஊர்களில் தடம் எங்கே? தனக்குப் பிடித்த பழைய மொழிக் கட்சியைத்தான் எல்லோரையும்விட அதிகம் குடைந்திருக்கிறாள். அதற்கும் முடிவில், 'நிரூபிக்க முடியாது.'

அவளோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தினேன். அவள் வேலை இவ்வளவு கண்டிப்பானது என்று எனக்குத் தெரியாது. நான் சும்மா வாயடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் சளைக்காமல் எனக்கு 'கிடையாது' சொன்னாளே, அது எவ்வளவு பெரிய மரியாதை.

பிப்ரவரி 11

இன்று அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் கட்சியில் நின்று நானே வாதாடினேன். "மன்னார்குடியில இருந்து எந்த வியாபாரி இந்த மலைக்கு வந்தான், சொல்லு? வந்தவன் மிளகு, துணின்னு எதையும் விடாம, கருகினதுக்கு மட்டும் ஒரு சொல்லை விட்டுட்டுப் போனானா? வழியில இருக்கற அத்தனை பேரும் காதைப் பொத்திக்கிட்டா இருந்தாங்க? இப்படி ஒருத்தன் உளறினா நீ என்ன சொல்லுவே? உன் புருஷனுக்கு என்ன சொல்லுவே?"

காத்திருந்தேன். அவள் என் வாயையே பார்த்தாள்.

"சொல்லு ஸ்மராண்டா. அதெல்லாம்..."

"ஆமாம்," என்றாள்.

வெளியே போய் விறகு பிளந்தேன். தேவைக்கு மேல் பிளந்துவிட்டேன். பரஸ்கீவா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, பால் சொம்பைக் கம்பத்தில் மாட்டிவிட்டுப் போனாள். நான் அழுததை அவள் பார்த்திருப்பாள். பார்க்கட்டும்.

பிப்ரவரி 19

மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். வலி மருந்தின் அளவைக் கூட்டினார். நான் எழுதி வைத்திருக்கிறேன் என்று இதைக் காட்டினேன். தமிழைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இனிமே எழுத வேண்டாம் இலியே. கொஞ்சம் தூங்குங்க," என்றார். வேளாவேளைக்குத் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிப்ரவரி 26

அட்டையை இன்று தபாலில் சேர்க்க வேண்டும். மேஜையில் இரண்டு அட்டைகள். அவள் கையெழுத்தோடு அவள் எழுதியது ஒன்று. நான் எழுதியது இன்னொன்று: 'மூலம் தெரியவில்லை. அல்பேனிய ஷ்க்ரும்ப் என்பதோடு ஒப்பிடுக.' அவ்வளவுதான். லவீனியா அன்றைக்கே போடுகிறேன் என்று சொன்ன வரிதான். இதற்குத்தான் அவளை அழ வைத்து அனுப்பினேன்.

ஸ்மராண்டா எழுதியதை அனுப்பினால் அவள் இல்லாதபோது வகுப்பறைகளில் அதைப் படித்துச் சிரிப்பார்கள். என்னுடையதை அனுப்பினால் அவள் கடைசியாக எழுதியதை நானே மறைத்தவன் ஆவேன். அந்த எழுத்தில் ஒரு நடுக்கம்கூட இல்லை. கடைசித் தடவையாக அவள் பேனா பிடித்தது எனக்குப் பிடித்ததை எனக்குக் கொடுப்பதற்காக. நான் கேட்டேன், கொடுத்துவிட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவள் அட்டையைக் கணப்படுப்பில் போட்டேன். உடனே பற்றிக்கொண்டது. என்னுடையதை உறையில் போட்டு, அவள் பெயர் எழுதாமல், 'லவீனியா, நீ சொன்னதே சரி,' என்று ஒரு துண்டுச் சீட்டும் வைத்து அனுப்பினேன்.

பிப்ரவரி 27

அடுப்பு அணைந்தபின் வாரினேன். எது விறகுச் சாம்பல், எது அட்டை என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பாதையில் தூவினேன்.

மார்ச் 1

இங்கே வசந்தம் பிறக்கும் நாள். பெண்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் கட்டுவார்கள். பரஸ்கீவா கொடுத்ததை அவள் மணிக்கட்டில் கட்டினேன். கை மிகவும் இளைத்துவிட்டது, இரண்டு சுற்று வந்தது. வெளியே இன்னும் பனிதான்.

மத்தியானம் பொற்றொடி கூப்பிட்டாள். கட்டில் பக்கத்தில் இருந்தபடியே எடுத்தேன். குரலில் துள்ளல்.

"அண்ணே, கலியமூர்த்தி சார் ஞாயித்துக்கிழமை தமிழ் மன்றக் கூட்டத்துல அண்ணியைப் பத்திப் பேசப் போறாராம். ருமேனியாவுல சாம்பலுக்கு வழங்குற சொல் தமிழ்தான்னு நிரூபிச்ச அம்மான்னு நோட்டீஸே அடிச்சுட்டாங்க. அப்பா போட்டோவையும் போட்டிருக்காங்க. ஒரு நல்ல போட்டோவா அண்ணியோடது அனுப்புண்ணே."

அப்பாவின் படத்தோடு நோட்டீஸ். எனக்கு ஒரு நிமிடம் சபலம் தட்டியது. மன்னார்குடியில் நாலு பேர் கைதட்டுவார்கள். இங்கே யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்கு ஒரு பெருமை. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும்.

"வேண்டாம், நிறுத்தச் சொல்லு," என்றேன்.

"ஏண்ணே? அண்ணியே எழுதிக் கையெழுத்துப் போட்டாங்கன்னு நீதானே சொன்னே?"

"அதெல்லாம் கிடையாது," என்றேன்.

வாயில் இருந்து வந்த பிறகுதான் அது யாருடைய பதில் என்று எனக்குக் கேட்டது. என் அம்மா குரலில், ருமேனிய ராகத்தோடு ஸ்மராண்டா சொல்வதுபோலவே வந்திருந்தது.

கட்டிலில் தலை திரும்பியது. பல நாளாகச் சுவர்ப் பக்கமே கிடந்த தலை. நூல் கட்டிய கை போர்வையில் இருந்து கொஞ்சம் வெளியே வந்தது. என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்," என்றாள்.

எது கேட்டாலும் அவள் அப்படித்தான் சொல்கிறாள். எனக்குத் தெரியும். போனில் பொற்றொடி, "அண்ணே, அண்ணே," என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்த 'ஆமாம்' நிஜம்தானா என்று சோதிக்க நான் இன்னொரு தடவை அதையே சொல்லவில்லை.